ஜுரம் விட்ட அன்றைக்கே வேலைக்குக் கிளம்பாதீர்கள்

மழை விட்டு ஒரு வாரம் ஆனால் போதும், வடசென்னையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மெடிக்கல் ஷாப் வாசலில் இந்தக் குரல் கேட்க ஆரம்பித்துவிடும்: "அண்ணா, ஜொரத்துக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க." சின்ன காகிதக் கவரில் நாலைந்து மாத்திரை வரும். அட்டையிலிருந்து கத்தரித்த துண்டுகள், பெயர் பாதிதான் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே விழுங்குவதுதான் முதல் தவறு.

ஆன்டிபயாட்டிக் இருந்தால், அது பாக்டீரியாவுக்கான மருந்து. டெங்கு, ஃப்ளூ போன்ற வைரஸை ஒன்றும் செய்யாது. சில செட்டில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அதைப் போட்டதும் உடம்பு லேசாகிவிடும். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையே அது அடக்கிவைப்பதால் வரும் சுகம் அது. வலி மாத்திரையும் ஆபத்துதான். டெங்குவாக இருக்கலாம் என்றால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். டாக்டரைப் பார்க்கும் வரை எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. மூணு நாள் கொதித்த உடம்பு நாலாம் நாள் குளிர்ந்தால், "ஜொரம் வுட்டுடுச்சு" என்று எழுந்து வேலைக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்: டெங்குவில் ஆபத்தான நேரமே அப்போதுதான். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்கும் சமயத்தில், ரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து வெளியே கசியலாம். வைரஸோடு போராட நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் கொட்டும் ரசாயனங்களும் அந்தக் கசிவுக்குக் காரணம். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் விசாரித்துக்கொண்டிருக்க, உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து துவளுவது... இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள வேறு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

"எனக்குப் போன வருஷமே வந்துடுச்சு, இனி வராது" என்பதும் தப்புக் கணக்கு. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. வேறு வகை நுழையும்போது, முதல் தடவை உடம்பு உருவாக்கிய பழைய எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் முடக்காது. சில சமயம் வைரஸ் நம் அணுக்களுக்குள் புக அந்தப் புரதங்களே வழிவிடும். இரண்டாவது முறை வரும் டெங்கு கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அதனால்தான்.

டெஸ்டிலும் அவசரம் கூடாது. எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். முதல் நாட்களில், வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 டெஸ்ட் உதவும். அதுவும் சில சமயம் தவறவிடும்.

கடைசியாக, லாரித் தண்ணீர் பிடிக்கும் டிரம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு போய்விட்டது என்று நினைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில். கரும்புள்ளி போல ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, டிரம்மின் வாயைத் துணி கட்டி மூடுங்கள். தெருக்குழாய் அடியிலிருக்கும் பொது டிரம்மையும் யாராவது ஒருவர் தேய்த்தாக வேண்டும்.