கோடை விடுமுறைக்கு வாளி, நுங்கு வண்டி, வடாம்

பள்ளி மூடியதும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் குலைவது அன்றாட ஒழுங்கு. அதனால் ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாகப் படங்கள் ஒட்டுவேன்: தோசை, வாளி, தூக்கம், கடற்கரை. முடிந்ததை என் மகனே உரித்து டப்பாவில் போடுவான். அடுத்தது என்ன என்று தெரிந்தால் அவன் பதறுவதில்லை.

வெயில் ஏறும் முன்பே தண்ணீர் விளையாட்டு. அகன்ற பேசின், புனல், வடிகட்டி, கரண்டி போதும். இவர்களில் பலருக்குத் தண்ணீர் மேல் தீராத ஈர்ப்பு உண்டு. ஆகவே கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிணறு, தொட்டி மூடியிருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நுங்கு வண்டி. சுளை எடுத்த இரண்டு காய்களை ஒரு குச்சியால் இணைத்து, நடுவே கவைக்கோல் வைத்துத் தள்ள வேண்டும். சக்கரம் சுழல்வதையே பார்த்துக்கொண்டு உட்கார விரும்பினால் விடுங்கள், அதுவும் விளையாட்டுதான். "ஓட்டுடா கண்ணா" என்று அவசரப்படுத்த வேண்டாம்.

வடாம் போடும்போது மாவு கையில் ஒட்டுவது பிடிக்காத பிள்ளைக்குக் கரண்டி கொடுங்கள். கூழ் ஆறியிருக்கட்டும். காய்ந்த வடாமை உரித்தெடுக்கும் வேலையை என் மகன் யாருக்கும் விட்டுத்தர மாட்டான்.

கடற்கரைக்குக் கூட்டம் சேராத விடியற்காலையில் போங்கள். ஈர மணல் கூசினால் செருப்போடு நடக்கட்டும். காதைப் பொத்தினால் உடனே திரும்பிவிடுங்கள்.