பழைய பேலட்டில் புளோக் தோட்டத்துக்கு ஓர் உட்காரும் பாத்தி

இது சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கின் தோட்டத்துக்கான, 1,200 × 800 மி.மீ. அளவுள்ள கீரைப் பாத்தி. உயரம் 450 மி.மீ. என்பதால் இரண்டு நீள விளிம்புகளிலும் ஆள் உட்காரலாம். தேவையானவை: பழைய மரப் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) நான்கு, கழித்துப்போட்ட நடைபாதைக் கல் (200 × 100 × 60 மி.மீ.) இருபது, துருப்பிடிக்காத எஃகுத் திருகு (4 × 50 மி.மீ.) ஏறக்குறைய நூறு, காலி அரிசிச் சாக்கு ஆறு.

மரத்தைத் தொடுமுன் அனுமதி. வசிப்போர் குழு வழியாக நகர மன்றத்திடம் இடம் கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் சேர்ந்தால் ஆலோசனையும் கிடைக்கும். வீட்டு வாசல் நடைவழி வேண்டவே வேண்டாம். அங்கே தீ விபத்தின்போது ஆள் தப்பிக்க 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும். பாத்தியின் மண்ணும் நனைந்தால் 400 கிலோவைத் தாண்டும்.

உயரத்தை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் 400, 450, 480 மி.மீ. உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி, சாயங்காலம் அங்கே வந்து உட்காரும் தாத்தா பாட்டிகளை உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலில் கை ஊன்றாமல் எந்தப் பெட்டியிலிருந்து எழுகிறார்களோ அதுவே உங்கள் உயரம். பின்னால் வரும் 370 மி.மீ. கட்டையின் நீளத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பேலட்டின் பக்கக்கட்டையில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதில் ‘எச்டி’ (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது. கீரைக்கு அது ஆகாது. எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ இருந்தாலும் ஒதுக்குங்கள். நீல வண்ணம் பூசியவை பெரும்பாலும் வாடகைப் பேலட். கடைக்காரர் தந்தாலும் அவருடைய சொத்து இல்லை. வெளிர்நிற ரப்பர் மரத்தையும் விட்டுவிடுங்கள். நம் ஊர் மழையில் பூஞ்சை பிடித்துவிடும், வண்டும் துளைத்துவிடும்.

கடப்பாரையால் நெம்பினால் பலகையின் முனை பிளந்துவிடும், ஏனென்றால் பேலட் ஆணியில் முறுக்கு இருக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பு வெட்டும் பிளேடை நுழைத்து ஆணியையே அறுத்துவிடுங்கள். மிச்சத் துண்டைப் பின்பக்கமிருந்து தட்டி எடுக்கலாம். அறுப்பதையும் 3 மி.மீ. முன்துளை போடுவதையும் பட்டறையிலேயே முடித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதுங்கள். அப்படிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளும் ஆன்ட்டிகளும் கைத் திருப்புளியாலேயே பூட்டலாம், மேல் வீட்டுக்காரர் தூக்கமும் கெடாது.

பூட்டும் முறை: தரையைச் சமன்செய்து, பாத்தியின் விளிம்பு வரும் இடமெங்கும் கல்லைப் பதியுங்கள். மரம் மண்ணைத் தொட்டால் முதலில் அழுகுவது அடிப்பலகைதான். 370 மி.மீ. கட்டை ஆறு: மூலைக்கு ஒன்று, நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. நடுக்கட்டையை விட்டுவிட்டால் ஈரமண் தள்ளிப் பக்கம் வயிறு உப்பியதுபோல் வெளியே வரும். இரு நடுக்கட்டைகளையும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். பலகை கட்டையைச் சேரும் இடமெல்லாம் இரண்டு திருகு. உட்காரும் விளிம்பு 200 மி.மீ. அகலம், அதன் அடியில் முட்டுக்கட்டை கொடுக்காவிட்டால், ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்ததும் திருகு பிடுங்கிக்கொள்ளும்.

பிரித்த சாக்கை உட்பக்கச் சுவரில் மட்டும் அடியுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரித்தால் தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மொத்தம் சுமார் 300 லிட்டர். சில வாரங்களில் மண் இறங்கும், அப்போது உரத்தால் நிரப்புங்கள்.

வாரம் ஒருமுறை ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். நீர் ஊற்றும் வாளியைக் கவிழ்த்து வைக்கவேண்டும், இல்லையேல் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வரும். கல்லின்மேல் விரலகல மண் கோடு ஏறியிருந்தால் கறையான் வந்துவிட்டது. உடனே அந்த மண் கோட்டை உடைத்துவிட்டு நகர மன்றத்துக்குச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலையை மட்டும் இதில் நடாதீர்கள். வேரிலிருந்து கன்று விட்டுப் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனித் தொட்டி. யார் எவ்வளவு பறிக்கலாம் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். புளோக் தோட்டங்களில் மனத்தாங்கல் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.