சார்ட்டர் பள்ளி மதிப்பெண்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளி) தேடும் பெற்றோர், கணக்கில் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். யார் எழுதிய தேர்வு அது என்று பார்ப்பவர்கள் குறைவு.

மொத்தச் சதவீதத்தை வைத்து இரண்டு பள்ளிகளை ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ‘அ’ பள்ளியில் 80% பேர் வசதி குறைந்தவர்கள். அவர்களில் பாதிப் பேரும் மற்றவர்களில் 80 சதவீதமும் தேறினால் மொத்தம் 56%. ‘ஆ’ பள்ளியில் வசதி குறைந்தவர்கள் 20% மட்டுமே. அவர்களில் 40 சதவீதமும் மற்றவர்களில் 75 சதவீதமும் தேறினால் மொத்தம் 68%. பட்டியலில் ‘ஆ’ முந்துகிறது. ஆனால் இரு பிரிவிலுமே ‘அ’ பள்ளிப் பிள்ளைகள்தான் மேல். ஆகவே பிரிவுக்குப் பிரிவு ஒப்பிடுங்கள். அதுவும் மாநிலச் சராசரியோடு அல்ல, அதே வட்டாரத்துப் பள்ளிகளோடு.

வசதி குறைந்தவர்களை இலவசச் சாப்பாட்டை வைத்து எண்ணாதீர்கள். 2022-23 முதல் அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் கேட்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் சாப்பாடு இலவசம், சார்ட்டர் உட்பட.

பாதியில் பள்ளியை விட்டுப் போனவர்களை மறப்பது அடுத்த தவறு. மாநிலக் கல்வித் துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்தில் வகுப்புவாரி எண்ணிக்கை கிடைக்கும். ஆறாம் வகுப்பில் 120 பேர், இரண்டு ஆண்டு கழித்து எட்டாம் வகுப்பில் 85 பேர் என்றால், எட்டாம் வகுப்பின் நல்ல மதிப்பெண் தங்கியவர்களுடையது. போனவர்களின் இடத்தில் புதியவர்களைச் சேர்க்கிறார்களா என்று பள்ளியிடமே கேட்டுவிடலாம்.

ஆங்கிலம் கற்போர் (வீட்டில் வேறு மொழி பேசும், ஆங்கிலத்தில் இன்னும் தேறாத பிள்ளைகள்) வரிசை பெரும்பாலும் மோசமாகவே தெரியும். நன்றாகக் கற்றவர்கள் அந்தப் பிரிவை விட்டு வெளியேறிவிடுகிறார்களே! பள்ளிகளின் நிலையைக் காட்டும் மாநிலத்தின் டாஷ்போர்டு தளம், அப்படி வெளியேறியவர்களையும் நான்கு ஆண்டு வரை அதே பிரிவில் சேர்க்கிறது. மாநிலத் தேர்வு முடிவுத் தளம் அவர்களைத் தனியாகக் காட்டுகிறது. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ஆசியர்’ வரிசையைப் பார்த்து நம் பிள்ளைகளின் நிலை இதுதான் என்று எண்ணவேண்டாம். சீனர், வியட்நாமியர், இந்தியர் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கிறார்கள்.

சிறிய பள்ளியில் ஓராண்டு ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பொருள் இல்லை. 20 பேர் எழுதினால் ஒரு பிள்ளையே 5 சதவீதம். குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். 11 பேருக்குக் குறைவான பிரிவின் முடிவை வெளியிடவே மாட்டார்கள்; எண்ணுக்குப் பதில் உடுக்குறி (*) இருக்கும். அந்த உடுக்குறியைப் பூஜ்ஜியம் என்று படித்துவிடாதீர்கள்.