தில்லி குளிருக்கு முன்: ஹீட்டர், கீசர் தயார் செய்யும் முறை

தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பரணைக் காலி செய்யும் நாள். ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை), ஸ்வெட்டர் மூட்டை, பழைய வேட்டியில் சுற்றி வைத்த ஹீட்டர் எல்லாம் கூடத்துக்கு இறங்கிவிடும். தில்லியில் நவம்பர் பாதிக்கு மேல் இரவுகள் குளிர ஆரம்பிக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரைதான் உச்சம்; 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் லேசில் கிடைக்க மாட்டார். மார்கழி விடியற்காலையில் குளித்துவிட்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கிளம்ப நினைப்பவர்கள் கார்த்திகைக்குள் இந்த வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பது, எந்த ஹீட்டர் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, அதை எந்த பிளக் பாயின்ட்டில் மாட்டப் போகிறீர்கள் என்று. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1. பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மொபைல் சார்ஜர் மாட்டுகிற சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. ஹீட்டரின் தடித்த பின்களுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். முனிர்காவில் நாங்கள் வாடகைக்கு இருந்த முதல் வருடம், கடையில் ஒரு கன்வர்ட்டர் பிளக் வாங்கி, 2000 வாட் ஹீட்டரைச் சின்ன பாயின்ட்டிலேயே மாட்டிவிட்டேன். நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி ஏதோ தீய்ந்த வாடை. சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கை இழுத்தால் வரவில்லை. பிளாஸ்டிக் உருகிப் பின்னோடு ஒட்டியிருந்தது. பாயின்ட்டின் துளையைச் சுற்றி, கருகின அப்பளத்தின் ஓரம் மாதிரி பழுப்பு வளையம். பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் கன்வர்ட்டரும் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். பாயின்ட் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது. பின்னால் வருகிற வயரும் தடிமனாக இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இந்த லைனில் என்ன வயர் ஓடுகிறது? (ஹீட்டர், கீசர் லைனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவது வழக்கம்.) எர்த் சரியாக இருக்கிறதா? லோட் மீறினால் தானே அணைகிற எம்.சி.பி. சுவிட்ச் எத்தனை ஆம்பியர்? கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், வீட்டுக்காரரிடம் பேசி அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்கட்டண பில்லில் உங்கள் வீட்டின் சாங்ஷன்ட் லோட், அதாவது உங்களுக்கு அனுமதித்த மின் அளவு, எத்தனை கிலோவாட் என்று இருக்கும். ஹீட்டரும் கீசரும் சேர்ந்து ஓடினாலே 4 கிலோவாட். லோட் குறைவாக இருந்தால் ஒன்றை அணைத்துவிட்டு இன்னொன்றைப் போடுங்கள்.

2. ஹீட்டரை எடுத்துத் துடையுங்கள்

பிளக்கில் மாட்டாமல்தான் இந்த வேலை. ப்ளோயர் (ஃபேன் வைத்த ஹீட்டர்) என்றால் முன்பக்கக் கம்பி வலையிலும் ஃபேனிலும் தூசி அடைந்திருக்கும். பழைய டூத் பிரஷால் தட்டி, மெல்லிய பிரஷ் வைத்த வேக்வம் கிளீனரால் இழுத்துவிடலாம். ராட் ஹீட்டர் என்றால் பின்னால் உள்ள பளபளப்பான தகட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். அது மங்கினால் சூடு முன்பக்கம் சரியாக வராது. ஆயில் ஹீட்டருக்கு எண்ணெய் மாற்றும் வேலையே இல்லை, அது உள்ளே மூடி வைத்தது. அடியில் எண்ணெய்க் கசிவு மட்டும் தெரிந்தால் அந்த ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.

வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்தது, மடிந்து வெடித்தது எல்லாம் கைக்குத்தான் முதலில் தெரியும்.

3. கீசர்

தில்லியில் போர்வெல் தண்ணீர் கலக்கும் பகுதிகளில் உப்பு அதிகம். அது கீசருக்குள் இருக்கும் எலிமென்ட்டின் மேல் வெள்ளையாகப் படியும். தண்ணீர் சூடாக முன்பைவிட நேரமாகிறது, உள்ளே 'கொட கொட' என்று சத்தம் வருகிறது என்றால் படிவு ஏறிவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ்காரரிடம் எலிமென்ட்டைச் சுத்தம் செய்யச் சொல்லும்போது, ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மெக்னீசியக் குச்சி தானே அரிபட்டு டேங்கைக் காக்கிறது. மெலிந்து போயிருந்தால் மாற்ற வேண்டும்.

டேங்கோடு இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து அவ்வப்போது சொட்டு விழுவதைப் பார்த்து அதை அடைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற வழி அதுதான். ஓயாமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள்.

4. ஜன்னலும் அங்கீட்டியும்

கதவடி இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாலே அறை பாதி சூடாகிவிடும். பால்கனிக் கதவின் ஓரங்களுக்கு ஃபோம் டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. இரவு படுக்கிற அறையில் ஒரு ஜன்னலை மட்டும் விரல் அளவு திறந்து வையுங்கள்.

கரி அங்கீட்டியை (கணப்பு அடுப்பை) மட்டும் எந்தக் காரணத்துக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கியவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லிச் செய்தித்தாள்களில் இப்படி ஒரு குடும்பத்தைப் பற்றிப் படிக்கிறோம். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோரிடமும் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கம்பளியும் கொடுங்கள். வெளிக்காற்று வராத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

5. சோதனை ஓட்டம்

குளிர் வருவதற்கு முன்னால் ஒரு நாள், ஜன்னல்களைத் திறந்து ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கட்டில், திரை, துணி எல்லாம் மூன்று அடிக்கு அப்பால் இருக்கட்டும். முதல் சில நிமிடம் தூசி கருகும் வாடை வரும், அது போய்விடும். பிளாஸ்டிக் வாடை வந்தால் உடனே அணையுங்கள். அரை மணி கழித்து சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றி, பின்களைத் தொடாமல் அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த பாயின்ட்டை மாற்றிய பிறகுதான் ஹீட்டரை மறுபடி போட வேண்டும்.