ஏர்பேக் விரியும் இடம் காலியாக இருக்கிறதா?

பல கார்களின் ஸ்டீயரிங்கில் ‘எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்’ என்று பொறித்திருக்கும். அதில் முதல் எழுத்துக்குத் ‘துணையான’ என்று பொருள். எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு. பெல்ட் போடாதவர் பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்துவிடுவார். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும் வேகத்தில் பை வெடித்து விரியும்போது அவர் முகம் அதன் வாசலிலேயே இருக்கும். பெல்ட் கொக்கியில் வெறும் கிளிப்பைச் செருகி அலாரத்தை அடக்குகிறவர்கள் தேடிக்கொள்வது இதைத்தான்.

முதலில் ஓட்டுநர் இருக்கை. ஹார்ன் மூடியின் நடுவிலிருந்து உங்கள் நெஞ்செலும்பு வரை 25 செ.மீ. இருக்க வேண்டும், ஒரு சாணும் இரண்டு விரலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குள்ளமானவர்களுக்கு இது சிரமம். இருக்கையைப் பின்னால் தள்ளினால் பெடல் எட்டாது. அப்போது முதுகுச் சாய்மானத்தை மட்டும் சற்றுச் சாய்த்து, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்குங்கள். பை முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்து விரியும். கைகள் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் இருக்கட்டும். உச்சியில் ஒரு கையை வைத்து ஓட்டினால், அந்தக் கையே முகத்தில் வந்து அறையும்.

பக்கத்து இருக்கைக்கு எதிரே, டேஷ்போர்டில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய மூடிமேல் எதுவும் ஒட்டக்கூடாது. பிள்ளையாரையும் சென்ட் பாட்டிலையும் அங்கே வைத்தால், பை விரியும்போது அவை உட்கார்ந்திருப்பவரை நோக்கிப் பாயும். டேஷ்போர்டில் கால் நீட்டினால் முழங்கால் முகத்துக்கு வரும், இடுப்பெலும்பு நொறுங்கும்.

குழந்தையை மடியில் வைத்து முன்னால் உட்காருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பைக்கும் பெரியவர் உடலுக்கும் நடுவே குழந்தை நசுங்கும். 12 வயது வரை பின் இருக்கைதான். பின்னோக்கிப் பார்க்கும் சைல்டு சீட்டை, இயங்கும் ஏர்பேக் முன்னால் ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

சீட் கவர் வாங்கும்போது பக்கவாட்டு ஏர்பேக் உள்ளதா என்று பாருங்கள். சாய்மானத்தின் வெளி ஓரத்தில் சிறு அடையாளத் துணி தைத்திருந்தால், பை அந்த வழியாகத்தான் கிழித்து வரும். அங்கே எளிதில் பிரியும் தையல் போட்ட கவராக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தடித்த ரெக்சின் கவர் பையைத் தாமதப்படுத்தும், அல்லது திசை மாற்றும். முன் பம்பரில் மாட்டும் இரும்பு கார்டும் அப்படித்தான்: மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அது கெடுக்கிறது. பாதசாரிகளுக்கும் ஆபத்து என்பதால் 2017 டிசம்பரில் மத்திய அரசு இதற்குத் தடை விதித்தது. ஆனாலும் கடைகளில் தொங்குகிறது.

சாவியை ‘ஆன்’ செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால், மோதலில் பை விரியும் என்று நம்ப முடியாது. பெரும்பாலும் இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருக்கும். உருண்டுபோன தண்ணீர் பாட்டிலே அதற்குப் போதும். ஹார்னும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்கலாம். எதுவானாலும் மல்டிமீட்டர் முனையை அங்கே வைக்காதீர்கள். அந்தச் சிறு மின்சாரமே பையை வெடிக்க வைக்கக்கூடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்த பிறகுதான் மெக்கானிக்கும் தொட வேண்டும்.

பழைய கார் வாங்குகிறீர்களா? ஏர்பேக் விளக்கு எரியவே எரியாவிட்டால் அந்த விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஒருமுறை விரிந்த பையை மாற்றாமல், அந்த இடத்தில் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடையை வைத்து விளக்கை ஏமாற்றுவதும் உண்டு. பெல்ட்டின் அடியில் உள்ள லேபிளில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள், வண்டியின் ஆண்டோடு பொருந்தாவிட்டால் காரணம் கேளுங்கள். 17 எழுத்து சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்ற நிறுவனம் திரும்ப அழைப்பது) நிலுவை உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் பழைய இன்ஃப்ளேட்டர்களில் (பையை வாயுவால் நிரப்பும் பாகம்) இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில்தான் விரைவாகக் கெட்டு, உலோகச் சில்லுகளைச் சிதறடித்தது. கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.