வேலை, திறன் கணக்குகளைப் பயிற்சி செய்யும் முறை

பதினோராம் வகுப்பு இயற்பியலில் வேலை, ஆற்றல், திறன் பாடத்துக்கு வரும் மாணவர்கள் சூத்திரத்தை மறப்பது குறைவு. எந்த விசை செய்த வேலை கேட்கப்படுகிறது என்று பார்க்காமல், கண்ணில் பட்ட எண்களையெல்லாம் பெருக்கிவிடுவதில்தான் மதிப்பெண் போகிறது. ஆகவே பல கணக்குகளை அவசரமாகப் போட்டு முடிப்பதைவிட, ஒரு கணக்கை எடுத்து அதில் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

ஓர் எடுத்துக்காட்டு: கிடைத்தளத்தில் ஓய்விலிருக்கும் 20 கிலோகிராம் பெட்டியை, கிடைமட்டத்துடன் 60 டிகிரி சாய்ந்த கயிற்றினால், 100 நியூட்டன் விசை கொடுத்து 5 மீட்டர் இழுக்கிறோம். இயக்க உராய்வுக் குணகம் 0.2, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/விநாடி² எனக் கொள்வோம். முதலில் படம் வரைந்து, பெட்டியின் மீது செயல்படும் நான்கு விசைகளையும் அம்புக்குறிகளால் காட்ட வேண்டும்: கயிற்றின் இழுவிசை, எடை, தரை தரும் செங்குத்து விசை, உராய்வு விசை. இடப்பெயர்ச்சிக்கும் ஓர் அம்புக்குறி தனியே வேண்டும், ஏனெனில் வேலை = விசை × இடப்பெயர்ச்சி × cos θ என்ற சூத்திரத்தில் வரும் கோணம் θ, அந்த விசையின் அம்புக்கும் இடப்பெயர்ச்சியின் அம்புக்கும் இடைப்பட்டதே தவிர, வினாவில் அச்சாகியிருக்கும் ஏதோ ஒரு கோணம் அன்று.

எடையும் செங்குத்து விசையும் இடப்பெயர்ச்சிக்கு 90 டிகிரியில் இருப்பதால் அவை செய்யும் வேலை சுழி. cos 60° = 0.5 என்பதால், கயிறு செய்யும் வேலை 100 × 5 × 0.5, அதாவது 250 ஜூல். உராய்வில்தான் பொறி இருக்கிறது. செங்குத்து விசை எடைக்குச் சமம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் அது 196 நியூட்டன் ஆகி, உராய்வின் வேலை −196 ஜூல் என்று தவறாக வரும். கயிறு பெட்டியை மேல்நோக்கியும் இழுக்கிறது, அந்த 86.6 நியூட்டனை (100 × sin 60°) எடையிலிருந்து கழித்தால் செங்குத்து விசை 109.4 நியூட்டன், உராய்வு விசை 21.88 நியூட்டன், அதன் வேலை −109.4 ஜூல். மொத்த வேலை 140.6 ஜூல்.

விடை சரியா என்று அறிய விடைப்பகுதியைப் புரட்ட வேண்டியதில்லை. வேலை – இயக்க ஆற்றல் தேற்றத்தின்படி 140.6 ஜூலும் இயக்க ஆற்றலாகிறது என்றால், இறுதித் திசைவேகம் விநாடிக்கு 3.75 மீட்டர். நியூட்டனின் இரண்டாம் விதியின் வழியே சென்றாலும், தொகுபயன் விசை 28.12 நியூட்டன், முடுக்கம் 1.406 என்று வந்து, அதே 3.75 கிடைக்கும். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேரும்வரை அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது.

இதே பெட்டியைக் கொண்டே திறனையும் பழகலாம். 5 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம் 2.67 விநாடி, எனவே கயிற்றின் சராசரித் திறன் சுமார் 94 வாட். ஆனால் 5 மீட்டர் முடியும் கணத்தில் உடனடித் திறன், கயிற்று விசையின் கிடைமட்டக் கூறை (50 நியூட்டன்) திசைவேகத்தால் பெருக்கினால், 50 × 3.75, அதாவது 187.5 வாட், சராசரியைப்போல் இருமடங்கு. மாறா விசையுடன் ஓய்விலிருந்து புறப்பட்ட பொருளுக்கு எப்போதும் இப்படித்தான் வரும். வினாவில் கேட்டிருப்பது சராசரியா, ஒரு குறிப்பிட்ட கணத்தின் திறனா என்பதை அடிக்கோடிட்டுக்கொண்ட பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

மாறும் விசைக்கு விசை – இடப்பெயர்ச்சி வரைபடத்தின் கீழுள்ள பரப்பே வேலை. சுருள்வில் கணக்குகளுக்கு இதுவே போதும். அலகுகளைத் தொடக்கத்திலேயே மாற்றிவிடுவது நல்லது: மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர், 1 குதிரைத்திறன் என்பது 746 வாட், மின்கட்டணத்தில் வரும் 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். யூனிட் என்பது ஆற்றலின் அலகு. அதைத் திறன் என்று எழுதுவோர் இன்னும் குறையவில்லை.

கொடுத்த திறனில் எவ்வளவு பங்கு பயனாகிறது என்பதைச் சொல்லும் பயனுறுதிறனுக்கு வீட்டு மோட்டாரே போதுமானது. 1 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று 1000 லிட்டர் நீரை 12 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டிக்கு 6 நிமிடத்தில் ஏற்றுகிறது என்று கொள்வோம். நீர் பெற்ற ஆற்றல் 1000 × 9.8 × 12, அதாவது 1,17,600 ஜூல். அதை 360 விநாடியால் வகுத்தால் சுமார் 327 வாட். 746 வாட்டில் அது ஏறத்தாழ 44 விழுக்காடு. எஞ்சியது குழாய் உராய்விலும் பம்பின் உள்ளிழப்புகளிலும் போகிறது. இனிக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: பயனுறுதிறன் மாறவில்லை என்று கொண்டு, 500 லிட்டர் நீரை 18 மீட்டருக்கு ஏற்ற இதே மோட்டாருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? 4 நிமிடம் 30 விநாடி என்று வராவிட்டால், நிறையையும் உயரத்தையும் எழுதிய வரியிலிருந்து மறுபடி பார்க்கவும்.