மார்கழியில் வெளுத்த விரல்கள்

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் கை கிரைண்டர் பிடித்து ஓரம் தேய்க்கும் வேலை எனக்கு. மார்கழிக் காலையில் பைக்கில் வந்து இறங்கினால், வலது கை நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து மரத்திருக்கும். சட்டைப் பித்தான் போட வராது. சூடு ஏறும்போது நீலம், அப்புறம் சிவப்பு, கூடவே எரிச்சல்.

வீட்டில் ரத்தம் பத்தவில்லை என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். மருத்துவரோ, முதலில் என்ன வேலை என்றுதான் கேட்டார். கருவியின் அதிர்வு நாள்பட விரலின் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். குளிர் பட்டதும் குழாய் இறுகிக்கொள்ளும். அமெரிக்காவின் இண்டியானாவில் கல் செதுக்குபவர்களிடம் 1918-லேயே ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்திருக்கிறார். நூறு வருஷம் தாண்டியும் எங்கள் பட்டறையில் ஒருத்தருக்கும் தெரியாது!

பீடியை விட்டதுதான் பெரும்பாடு. நிகோடினும் குழாயைச் சுருக்குமாம். மேஸ்திரியிடம் பேசி, கிரைண்டர் வேலையைத் தொடர்ந்து ஒருவரே செய்யாமல் ஆள் மாற்றிக்கொண்டோம். ஆட்டம் கண்ட சக்கரத்தை உடனே மாற்றுகிறேன். கருவியை இறுக்கிப் பிடிப்பதில்லை, அதன் எடையே தேய்க்கட்டும். சாதாரணக் கையுறை அதிர்வைத் தடுக்காது. ஆனால் கை நனையாமல், சூடாக இருக்கும், அதற்காகப் போடுகிறேன். குழாயை விரிக்க மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார்.

இந்தக் குளிருக்கு விரல் வெளுப்பது குறைந்துவிட்டது. நுனியில் மதமதப்பு மட்டும் போகவில்லை. நரம்பு கெட்டது முழுசாகத் திரும்பாது என்கிறார்.